பன்னிரண்டு சதவீதம்

வரிசைப்படுத்திக் காட்டியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்பா கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் கிடையாது. கடைசியாகக் கைக்கு வந்த பணம் வங்கி டெபாசிட்டில் கிடந்தது. ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, "ஷேர்ல வருஷா வருஷம் காசு தருவானாமே, நெஜமாப்பா?" என்று கேட்டார். நான் போனில் செயலியைத் திறந்து 'டிவிடெண்ட் ஈல்டு' என்ற தலைப்பைத் தொட்டேன். பெரிய எண் மேலே வந்தது. மேலே இருந்தவற்றில் ஒன்று 12 சதவீதம்.

"பேங்க்ல ஆறு, இங்க பன்னெண்டா?"

ஆமாம் என்றேன். இரண்டு லட்சம் போட்டார்.

ஒரு எண் எதை எதால் வகுத்து வந்தது என்று பார்க்காமல் கோடு எழுதும் ஜூனியர்களை ஆபீசில் திட்டுகிறவன் நான். அன்று பார்க்கவில்லை. ஈல்டு என்பது வட்டி இல்லை. கடந்த ஒரு வருடத்தில் ஒரு பங்குக்குக் கொடுத்த டிவிடெண்டை இன்றைய விலையால் வகுத்தால் வருவது. டிவிடெண்ட் கூடினாலும் அது ஏறும், விலை சரிந்தாலும் ஏறும். செயலிக்கு இரண்டும் ஒன்றுதான்.

கோல் இந்தியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2010இல் 245 ரூபாய்க்குப் பொதுமக்களுக்கு வந்த பங்கு. 2014 ஜனவரியில் ஒரு பங்குக்கு 29 ரூபாய் டிவிடெண்ட் அறிவித்தார்கள். 290 சதவீதம்! (அறிவிப்புகளில் வரும் சதவீதம் பத்து ரூபாய் முகமதிப்பின் மேல் கணக்கிட்டது. இதில் ஏமாந்தவர்கள் என் நண்பர்களிலேயே உண்டு.) விலை அப்போது ஏறக்குறைய 300. ஈல்டு பத்துக்குப் பக்கம். பங்குகளில் 90 சதவீதம் அரசிடம் இருந்தது, ஆக அந்தப் பணத்தில் பெரும்பகுதி போய்ச் சேர்ந்ததும் அரசுக்குத்தான். பிறகு டிவிடெண்ட் ஏறி இறங்கி, 2019-20இல் 12 ரூபாய். 2020இன் பிற்பகுதியில் விலை 120க்கு அருகில். மறுபடி அதே பத்து சதவீதம்! முதல் பத்து கம்பெனி அள்ளிக் கொடுத்ததால் வந்தது, இரண்டாவது பத்து ஆட்கள் விற்றுவிட்டு ஓடியதால் வந்தது. வேடிக்கை என்னவென்றால், ஓடாமல் 120இல் வாங்கியவருக்கு 2023-24இல் மட்டும் 25 ரூபாய் 50 காசு கிடைத்தது. ஆக, விலை சரிந்து வந்த ஈல்டு எல்லாமே பொறி என்றும் சொல்ல முடியாது. எண் மட்டும் எதையும் சொல்லாது, அவ்வளவுதான்.

பழைய கம்பெனி, நீண்ட வரலாறு என்பதும் காவல் இல்லை. லட்சுமி விலாஸ் வங்கி 1926இல் கரூரில் தொடங்கியது. பல வருடங்கள் டிவிடெண்ட் கொடுத்த வங்கி. 2020 நவம்பரில் அதை டிபிஎஸ் வங்கியோடு இணைத்தபோது பங்கு மூலதனம் முழுவதையும் ரத்து செய்தார்கள். பங்குதாரர்களுக்கு ஒரு பைசா இல்லை.

அப்பா வாங்கியது வேறொரு கம்பெனி. 150 ரூபாய் விலை, 18 ரூபாய் டிவிடெண்ட். அடுத்த வருடம் டிவிடெண்ட் இல்லை என்றார்கள். விலை 60க்கு வந்தது.

மாசியில் ஊருக்குப் போனேன். அம்மா திண்ணையில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். ஈல்டு, வகுத்தல், சந்தை மனநிலை என்று அப்பாவுக்கு விளக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கேட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும். அந்தப் பதினெட்டு ரூபாயை எந்தக் காசுல குடுத்தான்?"

லேப்டாப்பில் ஆண்டறிக்கையை இறக்கித் தேடினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தொழிலில் வந்த லாபம் பங்குக்கு 5 ரூபாய். மீதி, பழைய ஆலை நிலத்தை விற்ற பணம்.

அப்பா சிரித்தார். "சங்கத்துக் குடோனை வித்து மெம்பருக்கு டிவிடெண்ட் குடுத்திருந்தா ஆடிட்டர் என்னைச் சும்மா உட்டிருப்பானா?"

முப்பது வருடம் பேரேடு எழுதிய மனிதர். அன்று செயலிக்குப் பதிலாக இந்த அறிக்கையைக் காட்டியிருந்தால் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார். நான் அவருக்குப் பச்சை நிறத்தில் ஒரு எண்ணைக் காட்டினேன்.

"வித்துடலாமாப்பா?" என்றேன்.

பதில் சொல்லாமல் உள்ளே போய்ப் பழைய கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். வருஷம், லாபம், டிவிடெண்ட், கடன், விலை என்று ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டார். "பத்து வருஷத்துக்குச் சொல்லு, எழுதறேன்."

நான் ஒவ்வொரு அறிக்கையாகத் திறந்து படிக்க, அவர் எழுதிக்கொண்டே வந்தார். ஏழாவது வருடத்திலேயே டிவிடெண்ட் லாபத்தைத் தாண்டியிருந்தது. அந்த இடத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு சுழி போட்டுவிட்டு, "அடுத்த வருஷம்?" என்றார்.