கம்பளியில் ஒரு ரோஜா

ரொறொன்ரோவில் குளிர் தொடங்கியதும் எல்லாத் தலைகளிலும் டூக் ஏறிவிடும். நெற்றி முதல் பிடரி வரை இறுக மூடும் அந்தக் கம்பளித் தொப்பி நல்ல பொருள்தான். ஆனால் கொண்டை போட்ட தலையில் அது நிற்காது. கொண்டைக்கு மேலே இழுத்தால் காது வெளியே தெரியும். காதை மூடினால் கொண்டை நசுங்கிக் குலையும். நீள முடி வைத்திருக்கும் எங்கள் பெண்களுக்கு, அதிலும் வயதான அம்மாமாருக்கு, உச்சியைத் திறந்துவிட்டு நெற்றியையும் காதையும் மட்டும் மூடும் ஹெட்பாண்ட்தான் சரி. இலை உதிரத் தொடங்கியதுமே அதைப் பின்ன உட்கார்ந்துவிடுவேன்.

காதில் கொழுப்பு மிகக் குறைவு. பெரும்பாலும் மெல்லிய குருத்தெலும்பும் அதன்மேல் தோலும்தான். குளிர் கூடினால் உடம்பு நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்றுவதற்காக ஓரங்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடும். விரல் நுனியும் மூக்கும் காதும்தான் முதலில் பட்டினி கிடக்கும். காற்றின் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிடும் குளிர் மைனஸ் 28க்குக் கீழே இறங்கினால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறைந்துபோகக்கூடும். ஒரு பஸ்ஸைத் தவறவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் அதற்குப் போதும். தோடு போட்ட காதுக்கு இன்னும் கவனம் வேண்டும். உலோகம் குளிரை நேரே சதைக்குக் கொண்டுபோகும்.

இந்தப் பட்டியைப் பின்னுவது எளிது. நடுத்தரப் பருமனான கம்பளி நூல், 5 மில்லிமீட்டர் குரோஷே ஊசி. தலைச்சுற்று 55 சென்டிமீட்டர் என்றால் பட்டியை 50 சென்டிமீட்டரில் நிறுத்திவிடுவேன். இழுபட்டு இருந்தால்தான் காற்று நுழையாது. பட்டியின் அகலத்துக்குத்தான் செயின் போட வேண்டும், 9 அல்லது 10 சென்டிமீட்டர். அதன்மேல் போவதும் வருவதுமாக வரிசைகள் வளரும். ஒவ்வொரு தையலின் தலையிலும் இரண்டு இழைகள் தெரியும். பின்னிழையில் மட்டும் ஊசியை விட்டுப் பின்னினால் துணியில் வரிவரியாக மேடு எழும்பி நன்றாக இழுபடும். இரண்டு இழையையும் சேர்த்து எடுத்தால் துணி விறைத்துவிடும், தலையில் பிடிக்காது.

குரோஷேயில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு தையல் முடிந்ததும் ஊசியில் ஒரே ஒரு கண்ணிதான் இருக்கும் என்பது. இரட்டைக் கம்பியால் பின்னும்போது ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் கம்பியில் தொங்கும். கம்பி நழுவினால் எல்லாம் போகும். குரோஷேயை அடுப்பில் பால் பொங்கும்போது அப்படியே வைத்துவிட்டுப் போகலாம். வீட்டு வேலைக்கு நடுவே பின்னும் பெண்களிடம் இந்தக் கலை பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

பட்டி முடிந்து இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தால் ஒரு மூட்டு விழும். அந்த மூட்டின் மேல்தான் பூ வைப்பேன். முதலில் ஒரு சிறு வளையம். அதைச் சுற்றி ஆறு வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் குட்டைத் தையலில் தொடங்கி, நெட்டைத் தையலுக்கு ஏறி, மறுபடி குட்டைக்கு இறங்கினால் ஓர் இதழ். பிறகு ஊசி இதழ்களின் முதுகுப்பக்கம் போக வேண்டும். அங்கே சற்று நீளமான ஆறு வளைவுகள் போட்டு இன்னும் பெரிய இதழ்களைப் பின்னினால், முதல் அடுக்கின் பின்னாலிருந்து இரண்டாவது எழும்பும். அதற்கும் பின்னால் மூன்றாவது. நடுவில் ஒரு முத்து அல்லது மரப் பொத்தான். பட்டியில் தைக்கும்போது பூவின் நடுப்பகுதியை மட்டும் தைப்பேன். இதழ் நுனிகளைத் தைத்துவிட்டால் பூ செத்துவிடும்.

ஐரிஷ் ரோஸ் என்று இதற்குப் பெயர். இந்தப் பூவின் பிறப்பைத் தெரிந்துகொண்ட பிறகு, பட்டிக்கு இது வெறும் அழகு என்று என்னால் நினைக்க முடியவில்லை.

1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களில் கருகல் நோய் விழுந்தது. அதை நம்பியே உயிர்வாழ்ந்த ஏழைகளில் அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். இன்னும் 10 லட்சம் பேருக்கு மேல் கப்பல் ஏறினார்கள். அந்தப் பஞ்சத்தின் நடுவே, 1847இல், குளோன்ஸ் என்ற சிற்றூரில் பாதிரியாரின் மனைவி கசாண்ட்ரா ஹாண்ட் ஊர்ப் பெண்களுக்குக் குரோஷே லேஸ் பின்ன வழிசெய்தார். கோர்க் பக்கத்தில் கன்னியர் மடங்கள் அதே வேலையைச் செய்தன. வெனிஸ் நகரத்து ஊசி லேஸின் புடைத்த பூக்களைக் குரோஷே ஊசியால் அதைவிட வெகு விரைவில் பின்னிவிடலாம். ரோஜா, மூவிலை, திராட்சைக்குலை என்று தனித்தனியாகப் பின்னி, கடைசியில் வலைபோல் இணைத்தார்கள். தங்கள் வடிவங்களை அயலாருக்குக் காட்டாமல் காத்த குடும்பங்களும் இருந்தன. அந்த வடிவம்தான் அவர்களுக்குச் சொத்து. பணக்காரச் சீமாட்டியின் கழுத்துப்பட்டிக்குப் போன ஒரு ரோஜா, பின்னியவள் வீட்டில் அன்றைய உணவாக வந்து சேர்ந்தது.

அதே 1847இல் ரொறொன்ரோவில் ஏறத்தாழ 20,000 பேர்தான் வாழ்ந்தார்கள். அந்த ஒரு வருடத்தில் 38,000க்கும் மேற்பட்ட ஐரிஷ் அகதிகள் இங்கே வந்து இறங்கினார்கள். 1,100க்கும் அதிகமானோர் காய்ச்சலில் இங்கேயே மாண்டார்கள். ஏரிக்கரையில் 2007இல் திறக்கப்பட்ட அயர்லாந்துப் பூங்காவில், ரோவன் கில்லெஸ்பி வடித்த வெண்கல மனிதர்கள் எலும்பும் தோலுமாக நிற்கிறார்கள். எங்களவரும் இப்படிக் கடலில் வந்தவர்கள்தான். 1986 ஆகஸ்டில் உயிர்காப்புப் படகுகளில் வந்த 150க்கும் மேற்பட்ட ஈழத்தமிழரை நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரைக்கு அப்பால் மீனவர்கள் காப்பாற்றினார்கள். அந்தக் கரையோர ஊர்களில் பெரும்பாலானோர் ஐரிஷ் வம்சத்தவர். அந்த வெண்கல முகங்களை அந்நியராக நினைக்க எனக்கு வரவில்லை.

லேஸ் பெண்களுக்குக் கைகொடுத்த கதை நாகர்கோவிலிலும் நடந்தது. மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் 1820களில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது குரோஷே அல்ல, நூல்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் அடிமைத்தளையை விலைகொடுத்து மீட்ட பெண்கள் உண்டு.

எங்கள் கட்டடத்தில் இருக்கும் ஓர் அம்மாவுக்குப் போன குளிருக்கு ஒரு பட்டி பின்னினேன். கரும்பச்சை நிறம். பூவைக் காட்டியதும் கையை விரித்து மறுத்துவிட்டார்.

"பூ வேண்டாம் பிள்ளை. அவர் போனாப்பிறகு நான் தலையில பூ வைக்கிறேல்லை. காதை மூடினாக் காணும்."

வற்புறுத்தவில்லை. தேத்தண்ணி குடிக்கும்போது பஞ்சத்துப் பெண்களின் கதையைச் சொன்னேன். அவர் பூவைக் கையில் எடுத்து, பின்பக்கம் திருப்பி, அடுக்கு அடுக்காக விரல் விட்டுப் பார்த்தார்.

"நானும் சட்டை தைச்சுத்தானே மூண்டு பிள்ளையளையும் வளர்த்தனான். வெறும் சட்டைக்கு ஒரு விலை. கழுத்தில பூ வேலை போட்டுக் குடுத்தா கூடத் தருவினம். அந்தக் கூடின காசிலதான் கொப்பியும் பென்சிலும்."

கொஞ்ச நேரம் கழித்து, "அதே பச்சையிலயே ஒண்டு பின்னி வை. கண்ணுக்குத் தெரியாம இருக்கட்டும்" என்றார். பச்சைப் பட்டியில் பச்சை ரோஜா. உற்றுப் பார்த்தால்தான் தெரியும், அவருக்குத் தெரியும்.

கம்பளித் துணியை இயந்திரம் வேண்டிய அளவுக்குப் பின்னித் தள்ளுகிறது. ஆனால் உண்மையான குரோஷேயைக் கைபோலப் பின்னித்தரும் இயந்திரம் தொழிற்சாலைகளுக்கு இன்னும் வரவில்லை. கடையில் சில டொலருக்குத் தொங்கும் குரோஷே ரோஜாவும் எங்கோ ஒரு மனிதக் கை பின்னியதுதான். அந்தக் கைக்கு என்ன கொடுத்திருப்பார்கள் என்று எண்ணும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

மார்கழிச் சந்தையில் மேசை போட்டு விற்கும்போது, பூவைக் கழற்றிவிட்டால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்பார்கள். பட்டியின் விலையைக் குறைத்துத் தருவேன். நூல் மலிவு விலைக்கு வாங்கியதாக இருக்கும், வேலையும் சுலபம். பூவின் விலை மட்டும் அதற்குப் போன மணித்தியாலங்களின் கணக்கு. அதில் ஒரு சதமும் குறைப்பதில்லை.