ஆயுசுக்கும் ஒரே ஊசி

போன பௌர்ணமிக்கு அம்மாவையும் சித்தி பெண்ணையும் அழைத்துக்கொண்டு திருவண்ணாமலை கிரிவலம் போயிருந்தேன். பதினாலு கிலோமீட்டரில் ஏறக்குறைய பாதி வழியில், அடி அண்ணாமலையில், மூன்று பேர் கால்களும் ஒரே சமயத்தில் ஸ்டிரைக் செய்தன. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"மலை இங்கேர்ந்து வேற மாதிரி இருக்குல்ல?" என்றாள் அம்மா. வாஸ்தவம். ஊருக்குள்ளிருந்து பார்க்கிற முகம் வேறு, இந்தப் பக்கத்து முகம் வேறு.

முகம் என்றதும் சித்தி பெண் செல்போனை நீட்டினாள். "அண்ணா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்."

அவள் வீட்டுக்குப் பக்கத்து அழகு நிலையத்தின் விளம்பரம். மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்குகிற கோட்டை ஊசி போட்டு நிரப்பித் தருவார்களாம். 'ஒரே தடவை, ஆயுசுக்கும்!'

"ஆபீஸ்ல தினம் யாராவது 'டயர்டா இருக்கீங்களா மேடம்'னு கேக்கறாங்கண்ணா. நான் டயர்டா இல்லை. என் முகமே அதுதான்!"

நாற்பத்தாறு வயது. சிரிக்கலாமா என்று பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. ஆகவே, இந்த ஆசையை நான் கேலி செய்யப் போவதில்லை. நீங்களும் செய்யாதீர்கள்.

"மருந்து பேர் என்ன?"

"அதெல்லாம் போடலையே."

நிரப்பு ஊசிகளில் இரண்டு ரகம். கரைவது, கரையாதது. அதிகம் புழங்கும் ஹயலுரானிக் அமிலம் கரைகிற ரகம். நம் உடம்பிலேயே இருக்கிற சமாசாரம்தான். பொதுவாக ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம் வரை தாங்கும். கோணலாகிவிட்டால் ஹயலுரானிடேஸ் என்ற என்சைமைச் செலுத்திக் கரைத்துவிடலாம்.

'ஆயுசுக்கும்' ரகத்துக்கு அந்த வசதி இல்லை. அமெரிக்க எஃப்.டி.ஏ. 2006-ல் அனுமதித்த ஆர்ட்டிஃபில் (இன்றைய பெயர் பெல்லாஃபில்) இந்த வகை. பாலிமெத்தில் மெதாக்ரிலேட் என்கிற பிளாஸ்டிக்கின் 30 முதல் 50 மைக்ரான் மணிகள், மாட்டு கொலாஜனில் மிதக்கும். (கிரிவலப் பாதையில் இதைச் சொல்லியிருக்க வேண்டாம். அம்மா முகம் சுளித்தாள்.) கொலாஜன் கரைந்துவிடும், மணிகள் தங்கிவிடும். திரவ சிலிகானை முகத்தில் ஊசியாகப் போட எஃப்.டி.ஏ. அனுமதித்ததே இல்லை. பாலிஅக்ரிலமைட் ஜெல்லை 2006-ல் சீனாவே தடை செய்தது.

இதில் ஒரு வேடிக்கை. அந்த பிளாஸ்டிக் எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல. அம்மாவின் வலது கண்ணில் இருக்கிறது! போர் விமானம் உடைந்து பைலட்டுகளின் கண்ணில் தைத்த பிளாஸ்டிக் சில்லுகள் உபத்திரவம் செய்யாமல் கிடப்பதைக் கவனித்த ஹெரால்ட் ரிட்லி, 1949-ல் லண்டனில் அதிலேயே லென்ஸ் செய்து கண்ணுக்குள் வைத்தார். 1992-ல் மதுரையில் ஆரம்பித்த ஆரோலாப் அதை ஏழைக்கும் கட்டுப்படியாகும் விலையில் செய்தது. அம்மா மலையைப் பார்ப்பது அதன் வழியாகத்தான்.

"அப்ப நல்ல பொருள்தானே அண்ணா?" என்று மடக்கினாள் சித்தி பெண்.

பொருள் நல்லதுதான். ஆனால் லென்ஸ் ஒரே துண்டு. எங்கே இருக்கிறது என்று டாக்டருக்குத் தெரியும், வேண்டாமென்றால் எடுக்கலாம். மணிகளோ எண்ண முடியாதவை. சுற்றிலும் உடம்பு தன் சதையை நெய்து மூடிவிடும். வருடங்கள் கழித்துக்கூடக் கட்டிகள் கிளம்பலாம். எடுக்க வேண்டுமானால் கத்திதான். அப்போதும் முழுசாக வராது. இன்னொன்று, வயதாக ஆக எலும்பு தேயும், கொழுப்பு வற்றும், தோல் தொங்கும். 46-ல் பொருத்தமாக இருந்த மேடு 66-லும் அப்படியே நிற்கும், முகம் மட்டும் அதை விட்டு நகர்ந்திருக்கும்.

எந்த ரகமானாலும், ஊசி தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம். அபூர்வமாகப் பார்வையே போகலாம். எனவே தோல் டாக்டரோ, பிளாஸ்டிக் சர்ஜனோதான் போட வேண்டும்.

போகிறவர்கள் மூன்று கேள்வி கேளுங்கள். டப்பாவில் என்ன பெயர்? ஊசி போடுவது யார்? வேண்டாமென்றால் எப்படி எடுப்பீர்கள்?

மறுநாள் சித்தி பெண் போன் செய்தாள். மூன்றையும் கேட்டாளாம். முதல் இரண்டுக்கும் மழுப்பல். மூன்றாவதற்கு உடனே பதில் வந்ததாம்:

"ஏன் மேடம் நெகட்டிவா யோசிக்கிறீங்க? டயர்டா இருக்கீங்களா?"