யந்திரத்தின் தலையை அறுத்த கதை

இக்கல்லூரியிற் பயின்ற நாளில் பௌதிக ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குழாயொன்றை உடைத்துத் தண்டம் செலுத்திய யாம், பிற்காலத்தில் ஒரு மோட்டார் யந்திரத்தின் தலையை அறுக்கத் துணிவோம் என்று எம் ஆசிரியர்கள் கனவிலும் கருதியிரார். அத்துணிவு வந்த விதத்தையும், அதனால் யாம் பட்ட பாட்டையும் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

தொழிலின் பொருட்டு அமெரிக்க நாட்டு மிச்சிகன் மாகாணத்திற் குடியேறிய எமக்கு அடுத்த வீட்டுக்காரராக வாய்த்தவர் எண்பது வயதை எட்டிய ஒரு பெரியவர். தொழிற்சாலையொன்றின் கருவிப் பட்டறையிற் பல்லாண்டு உழைத்து ஓய்ந்தவர். அவர் மனைவியார் 1966ஆம் ஆண்டிற் புதிதாக வாங்கி, தம் இறுதிக்காலம்வரை தாமே ஓட்டிவந்த போர்டு மஸ்டாங் வண்டியை, அவ்வம்மையார் காலமானபின் பெரியவர் எமக்குச் சொற்ப விலைக்குக் கொடுத்தார். சாவியைக் கையில் வைத்தபோது அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

மஸ்டாங் என்றவுடன் எட்டுச் சிலிண்டர்களோடு உறுமும் வண்டியை நினைப்பவர் பலர். எமதோ ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும் எளிய யந்திரம். கொள்ளளவு 200 கன அங்குலம். புத்தகக் கணக்கில் 120 குதிரைத் திறன். 1960ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த பால்கன் என்னும் சிக்கன வண்டியின் 144 கன அங்குல யந்திரமே இதன் மூதாதை. சிக்கனம் அக்குலத்தின் பிறவிக் குணம். பெரும்பாலான யந்திரங்களிற் சிலிண்டர் தலையும், அதற்குப் பெட்ரோல் கலந்த காற்றைக் கொண்டு சேர்க்கும் குழாயும் வெவ்வேறு உறுப்புகளாய்ப் போல்ட்டுகளால் இணைக்கப்பட்டிருக்கும். இதில் இரண்டும் ஒரே வார்ப்பிரும்பு. தலையின் பக்கவாட்டில் அக்குழாய் நெடுகக் கிடக்கும் தோற்றத்தைக் கண்டு அந்நாட்டார் அதனை மரக்கட்டை என்றே அழைக்கின்றனர். அதன் நடுவே எழுந்த சிறு பீடத்தின்மேல் ஒற்றை வாய்க் கார்புரேட்டர் ஒன்று வீற்றிருக்கும்.

எம்மூர் வயல்களை அறிந்தவர்க்கு இதனை விளக்குதல் எளிது. கார்புரேட்டர் மதகு, மரக்கட்டைக் குழாய் வாய்க்கால், ஆறு சிலிண்டர்களும் ஆறு வயல்கள். மதகுக்கு அண்மையிலுள்ள மூன்றாம் நான்காம் சிலிண்டர்கள் தலைமடை. இரு கோடியிலுமுள்ள முதலாவதும் ஆறாவதும் கடைமடை. பெட்ரோல் துளிகள் காற்றோடு ஓடி, நேர்கோணத்தில் திரும்பி, வழியிற் சுவரில் ஒட்டி, கடைமடையை அடையும்போது குறைந்துவிடுகின்றன. எம் வண்டியின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தோம். நடுவிலிருந்தவை கரிபடிந்தும், கோடியிலிருந்தவை வெளிறியும் காணப்பட்டன. தஞ்சாவூரிலும் கடைமடையார் முறையீடு இதுவேயன்றோ!

எம் குறையோ வேறு. அதிவேகச் சாலையில் நுழையும்போது பின்னால் வரும் பெரிய லாரிகள் ஊதுகுழல் ஊதி எம்மை விரட்டின. மிதியை அடிவரை அழுத்தினும் வண்டி நிதானமாகவே வேகங்கொண்டது. எனவே இரட்டை வாயுள்ள ஆட்டோலைட் 2100 வகைக் கார்புரேட்டர் ஒன்றைப் பழஞ்சாமான் கடையில் வாங்கினோம். அதனைப் பொருத்துதற்குப் பீடம் போதாது. பீடத்தை நீக்கிக் குழாயின் முதுகைத் தட்டையாக்கி, வட்ட வாயை அகன்ற நீள்வட்டமாக்க வேண்டும். குழாய் தனி உறுப்பாயின் பிழை நேரின் வேறொன்று வாங்கலாம். இங்கோ பிழைத்தாற் கெடுவது தலை முழுவதுமாம். ஆஸ்திரேலியாவிலிருந்த அதே கம்பெனியார் 1970களின் தொடக்கத்தில் இத்தலையையே திருத்தி, குழாயைத் தனியே கழற்றும்படி வார்த்தனர். அது பெரும்பாலும் அந்நாட்டிலேயே நின்றுவிட்டது.

பெரியவரிடம் சொன்னோம். தம் மனைவியாரின் வண்டியை அறுப்பதா என்று சினப்பார் என அஞ்சியிருந்தோம். அவரோ, முதலில் ஒரு கழிவுத் தலையை வாங்கி அதில் ஒத்திகை பார்க்கலாம் என்று மட்டும் கூறினார். சில டாலர்களை மிச்சம் பிடிக்க விரும்பிய யாம், வேண்டாம் என்றோம். அதற்குமேல் அவர் வற்புறுத்தவில்லை.

ஒரு சனிக்கிழமை தலையைக் கழற்றி, இருவருமாகத் தூக்கி, அவர் கொட்டகையிலிருந்த பழைய மில்லிங் யந்திரத்தின் மேசைமீது ஏற்றினோம். பீடத்தின் பெரும்பகுதியை வாளால் அறுத்தெடுத்தபின், எஞ்சியதை அவர் சிறிது சிறிதாக இழைத்தார். அவருடைய கை நடுங்கும் இயல்புடையது. ஆயினும் யந்திரத்தின் சக்கரப் பிடியைத் தொட்டவுடன் அந்நடுக்கம் எங்கே போயிற்றோ அறியோம். ஒருமுறை இழைப்பது, நிறுத்தி விரலாற் சுவரின் தடிப்பைத் தடவிப் பார்ப்பது, மறுபடி இழைப்பது என்று பொழுது கழிந்தது. பிற்பகலில் ஓர் ஓரத்தில் ஊசிக்கண் அளவு துவாரம் தோன்றிற்று. வார்ப்பின்போது உட்கரு சற்று விலகியிருந்தமையால் அப்பக்கத்துச் சுவர் மெலிந்திருந்தது போலும். எமக்கு உடல் வியர்த்தது. அவர் யந்திரத்தை நிறுத்தி, தலையை மெல்லச் சூடேற்றி, பித்தளைப் பற்று வைத்து, விரைந்து குளிர்ந்து வெடியாதபடி உலர்ந்த மணலில் இரவு முழுதும் புதைத்து வைத்தார். மறுநாள் முதுகைச் சமன்செய்து, எஃகுத் தகடொன்றை ஸ்குரூக்களால் இறுக்கினார். இக்காலத்துக் காஸ்கெட் பழைய எஃகுத் தகட்டுக் காஸ்கெட்டினும் தடித்திருப்பதால் அழுத்த விகிதம் குறையாதபடி தலையின் அடிப்பரப்பிலும் சிறிது இழைத்தார். இரும்புத் துகளை நீக்கிக் கழுவுவதற்கே ஒரு மாலை சென்றது.

யாவும் பூட்டி யந்திரத்தை எழுப்பினோம். நின்ற நிலையில் அழகாக ஓடிற்று. சாலையில் இறங்கினால் முன்னிருந்த வேகமுமில்லை! மேட்டில் ஏறவே முனகிற்று. அன்று மாலை யாம் பெரியவரிடம், அந்தப் பற்று வைத்த இடத்திற் காற்றுப் புகுகின்றது, வேலை சரியாக அமையவில்லை என்று சொல்லிவிட்டோம். அவர் துணியிற் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டினுள்ளே போனார். பத்து நாள் அக்கொட்டகையில் விளக்கு எரியவில்லை.

அப்பத்து நாளும் யாம் ஒழுக்கைத் தேடினோம். இணைப்புகளின்மேல் திரவம் தெளித்துப் பார்த்தோம். யந்திரத்தின் ஓசை சிறிதும் மாறவில்லை. பற்று கல்போல உறுதியாயிருந்தது. பிறகு தீப்பொறி நேரத்தைக் காட்டும் விளக்கைப் பிடித்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. யந்திரம் விரைய விரையத் தீப்பொறி முந்தி எழவேண்டும். பிற யந்திரங்களில் டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் சுழலும் எடைகள் இதனைச் செய்யும். 1967 வரையில் இவ்வகை யந்திரத்தின் டிஸ்ட்ரிப்யூட்டரில் அவ்வெடைகளே இல்லை. பழைய கார்புரேட்டரிலிருந்து ஒரு சிறு குழாய்வழி வரும் உறிஞ்சு விசையொன்றையே அது நம்பியிருந்தது. அவ்விரண்டும் ஒன்றுக்கொன்று அமைந்த இணை. ஒன்றை யாம் மாற்றினோம்; மற்றொன்று செவிடாயிற்று. தவறு அறுத்த கையில் இல்லை. படியாது துணிந்த எம் தலையில் இருந்தது.

எடைகளோடு கூடிய 1968ஆம் ஆண்டு டிஸ்ட்ரிப்யூட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு அவர் வாயிலிற் போய் நின்றோம். மன்னிப்பை எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தோம். ஒரு சொல்லும் வரவில்லை. அவர் எம் கையிலிருந்ததை வாங்கி, அச்சைத் திருகிப் பார்த்து, ஒத்திகைத் தலையைப் போலவே இதையும் பின்னால் வாங்குகிறீரே என்றார். பின்பு மேலங்கியை எடுத்துக்கொண்டு எம்முடன் வந்தார்.

அன்று முதலில் ஓட்டியவர் அவரே. ஊர்ப்புறச் சாலையில் ஒரு சுற்றுச் சென்று திரும்பி, தம் மனைவியார் இருந்திருந்தால் இவ்விரைச்சல் எதற்கு என்று கேட்டிருப்பார் என்று சொல்லிச் சிரித்தார். இப்பொழுது லாரிகள் எம்மை விரட்டுவதில்லை. பெட்ரோல் மட்டும் சற்று மிகுதியாகச் செலவாகிறது. மதகை அகலமாக்கினோமேயன்றி வாய்க்காலை மாற்றினோமில்லை. முதலாம் ஆறாம் பிளக்குகள் இன்னும் சிறிது வெளிறியே இருக்கின்றன. அதற்கு ஜெட்டைப் பெரிதாக்கலாமா என்று இருவரும் ஒவ்வொரு சனிக்கிழமையும் வாதாடி வருகின்றோம். கழிவுத் தலையொன்றும் வாங்கி வைத்திருக்கின்றோம்.