வலை ஈயமும் அச்சு ஈயமும்

கனடாவில் வாழும் என் அண்ணன் மகன் அண்மையில் ஒரு நிழற்படம் அனுப்பியிருந்தான். மேசைமீது சிறு அட்டைப்பெட்டிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. அவற்றின்மீது 150, 165, 180 என எண்கள். அவன் மான் வேட்டைக்கு உரிமம் பெற்றவன். சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைச் சேர்த்துவைத்துப் புதிய சன்னம் பொருத்தி மீண்டும் பயன்படுத்துவது அந்நாட்டு வேட்டைக்காரர் பலரின் வழக்கம். "எந்தச் சன்னத்தை வாங்குவது என்பதுதான் சித்தப்பா பெரிய தலையிடி. அப்பப்பாவும் வீட்டில் தோட்டா செய்தவராமே, அவர் எப்படித் தெரிந்தெடுத்தார்?" என்று கேட்டிருந்தான்.

அந்தக் கேள்விக்கு அவனுக்கு மட்டும் பதில் எழுதி முடித்துவிட முடியவில்லை. ஆகவே இங்கு எழுதுகிறேன்.

பெட்டியில் இருக்கும் எண், சன்னத்தின் எடை. அளவு 'கிரெயின்', பொருள், தானியமணி. 7,000 மணி ஒரு இறாத்தல். 180 மணிச் சன்னம் 12 கிராமுக்குச் சற்றுக் குறைவு. நம் தட்டார் குன்றிமணி வைத்துப் பொன் நிறுத்ததைப் போன்றதே இதுவும். ஆனால் எடையைக் காட்டிலும் முக்கியமானது, சன்னம் எதனால் ஆனது என்பது. மென்மையான ஈயம் உடலில் பட்டதும் நசுங்கி விரிந்து, வேகம் இழந்து நின்றுவிடும். இறுகிய உலோகம் வடிவம் மாறாமல் துளைத்துக்கொண்டு அப்பாலும் போகும்.

இதை நான் நூலில் படிக்கவில்லை. தம்பலகாமத்தில், பெரியப்பாவின் வீட்டு முற்றத்தில் கற்றேன்.

பெரியப்பாவிடம் உரிமம் பெற்ற பன்னிரண்டாம் இலக்க இரட்டைக்குழல் துவக்கு ஒன்று இருந்தது. குழலின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஈயக்குண்டு ஒன்றின் எடை, இறாத்தலில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்பதே அந்த இலக்கத்தின் பொருள். நெல் பால்பிடிக்கும் காலத்தில் காட்டுப்பன்றிகள் இறங்கினால் ஓர் இரவில் ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு போய்விடும். கடைத்தோட்டா விலை கூடியது. ஆகவே பழைய கோதுகளையே திரும்ப நிரப்புவார். ஈயத்துக்குத் திருகோணமலைத் துறைமுகப் பக்கந்தான் வரவேண்டும். கிண்ணியாவில் கிழிந்துபோன வீச்சுவலைகளிலிருந்து கழற்றிய ஈயமணிகளை மீனவர் நிறுத்துக் கொடுப்பார்கள்.

என் தந்தையார் திருகோணமலை நகரில் ஒரு சிறிய அச்சகத்தில் அச்சுக்கோப்பாளராக இருந்தார். 1981இல் எனக்குப் பத்து வயது. தேய்ந்த அச்செழுத்துகள் அங்கே ஒரு தகரப்பேணியில் குவிந்து கிடக்கும். ஒருநாள் அதிலிருந்து இரண்டு கைப்பிடியை அள்ளிக் கடதாசியில் சுற்றி, பெரியப்பா மகிழ்வார் என்று எடுத்துப்போனேன்.

அவர் ஓர் எழுத்தை எடுத்துப் பெருவிரல் நகத்தால் அழுத்தினார். தடம் பதியவில்லை. பின்பு வலைமணி ஒன்றை எடுத்து அழுத்திக் காட்டினார். பிறைபோல் நகத்தடம் விழுந்தது.

"தம்பி, இந்த ஈயம் பண்டிக்குள்ள நிக்காது. துளைச்சுக்கொண்டு போகும். அங்கால ஆர் காவலுக்குப் படுத்திருக்கிறான் எண்டு எனக்குத் தெரியுமே? கொண்டுபோய்த் திருப்பி வை. கேளாமல் எடுத்த சாமானும் வேண்டாம்."

அச்செழுத்து தேயாமல் உழைப்பதற்காக ஈயத்துடன் அந்திமனியும் வெள்ளீயமும் கலந்து வார்ப்பார்கள் என்பதைப் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பின்னரே அறிந்தேன். மேலைநாடுகளில் அச்சுக்கோக்கும் முறை மறைந்தபோது, அச்சகங்கள் கழித்த அந்த இறுகிய ஈயத்தைச் சன்னம் வார்ப்போர் தேடி வாங்கினார்கள் என்பதையும் படித்தேன். செய்தி அச்சிட்ட ஈயம் சன்னமாகிப் போனது. என் தொழிலைச் சேர்ந்தவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டிய செய்தி அது.

பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்றபோது இன்னொன்றைக் கண்டேன். 1890களில் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் படைக்கலச் சாலையில், உடலுக்குள் விரியும் மென்முனைச் சன்னத்தை ஆங்கிலேயர் உருவாக்கினர். 1899இல் ஹேக் நகரில் கூடிய நாடுகள், போரில் அத்தகைய சன்னத்தைப் பயன்படுத்தலாகாது என்று பிரகடனம் செய்தன. ஆனால் பெருவிலங்கு வேட்டையில் அதே விரியும் சன்னமே முறையானதாகக் கொள்ளப்படுகிறது. போர்வீரனைச் செயலிழக்கச் செய்தால் போதும், அதற்குமேல் அவனைச் சிதைக்க வேண்டியதில்லை. விலங்கோ காயத்துடன் காட்டுக்குள் ஓடிக் கிடந்து நாட்கணக்கில் சாகக்கூடாது. ஒரே சன்னம் ஓரிடத்தில் கொடுமை, மற்றோரிடத்தில் கருணை. ஹேக் என்ற பெயரைக் கேட்டே இராத பெரியப்பா, சன்னம் எங்கே போய் நிற்கும் என்பதை மட்டும் யோசித்து அதே முடிவுக்கு வந்திருந்தார்.

போர் மூண்டது. 1985இல் பெரியப்பா துவக்கை ஒப்படைத்து ஒரு பற்றுச்சீட்டு வாங்கிவந்தார். துவக்கு திரும்பவில்லை, அவரும் காலமானார். பன்றிகள் மட்டும் வந்துகொண்டேயிருந்தன. போர் 2009இல் முடிந்து மக்கள் வயலுக்குத் திரும்பியபோது, சில இடங்களில் கட்டுத்துவக்கும் திரும்பியது. கட்டுத்துவக்கு என்பது ஆளில்லாத துவக்கு. விலங்கின் தடத்தில் கட்டிவைத்துவிட்டு மனிதன் வீட்டில் உறங்குவான். எது வந்து இடறுகிறதோ அதைச் சுடும். 1916ஆம் ஆண்டிலிருந்தே சுடுகலன்களுக்கு உரிமம் கோரும் கட்டளைச்சட்டம் நாட்டில் இருக்கிறது. கட்டுத்துவக்குக்கு எந்த உரிமமும் கிடையாது.

2012இல் ஒரு விடிகாலை, வயலுக்குத் தண்ணீர் கட்டப்போன கூலித்தொழிலாளி ஒருவர் அதில் சிக்கினார். செய்தி சேகரிக்க மருத்துவமனைக்குப் போனேன். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். அவர் காலிலிருந்து எடுத்தவை ஒரு தட்டில் கிடந்தன. சைக்கிள் குண்டுகள், ஆணித்துண்டுகள், இரண்டு மூன்று வலை ஈயமணிகள். கைக்கு அகப்பட்டதெல்லாம் போட்டு நிரப்பியிருந்தார்கள். அவற்றில் எதையும் எவரும் நகத்தால் அழுத்திப் பார்த்திருக்கவில்லை.

அன்று மாலை நான்கு வரிச் செய்தி அனுப்பினேன். "இனந்தெரியாத நபரால் கட்டப்பட்டிருந்த" என்று எழுதினேன். அது பொய். கட்டியவர் யார் என்று எனக்குத் தெரியும். மருத்துவமனை வாசலில், இரத்தம் தோய்ந்த சாரத்துடன் தலையில் கைவைத்துக் குந்தியிருந்தவர் பெரியப்பாவின் மகன். காயப்பட்டவரைத் தோளில் சுமந்துகொண்டு வந்தவரும் அவரே. மறுநாள் அண்ணன் தாமாகவே பொலிசுக்குப் போய்ச் சொன்னார். வழக்கை எதிர்கொண்டார். காலை இழந்தவரின் வீட்டுக்கு இன்றும் ஒவ்வொரு போகமும் நெல் அனுப்புகிறார். நான் என் நான்கு வரியைத் திருத்தவேயில்லை. பத்திரிகையாளனுக்கு அழகல்லாத காரியம் அது.

படம் அனுப்பிய பிள்ளை அந்த அண்ணனின் மகன். 2008இலேயே தாய்மாமனிடம் கனடாவுக்குப் போய்விட்டவனுக்கு இந்தக் கதையை ஒருவரும் சொல்லவில்லை. கடந்த வாரம் அண்ணனை அழைத்துக் கேட்டேன். நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "எழுது. எனக்குச் சொல்ல வாய் வரேல்லை" என்றார்.

ஆகவே மகனே, உன் கேள்விக்கு வருகிறேன். இறைச்சியில் தங்கும் ஈயத்துகள் உண்பவருக்கு நஞ்சு, எச்சத்தைத் தின்னும் பறவைக்கும் நஞ்சு. கலிபோர்னியா 2019 முதல் வேட்டைக்கு ஈயச் சன்னத்தை முற்றாகத் தடைசெய்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 முதல் ஈரநிலங்களில் ஈயச்சிதறலைத் தடுத்திருக்கிறது. வீட்டில் சின்னஞ்சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள். விரியும் செப்புச் சன்னமாகப் பார்த்து வாங்கு. அது ஈயத்தைவிட ஆழமாகப் போகும் என்பதால், மானுக்குப் பின்னால் மண்மேடு இருந்தாலன்றிச் சுடாதே. எடை எத்தனை மணி என்பதை உன் துவக்குக்கேற்ப நீயே தீர்மானித்துக்கொள்.

அப்பப்பா எப்படித் தெரிந்தெடுத்தார் என்று கேட்டாய். மானைக் கடந்து அந்தச் சன்னம் எங்கே போய் நிற்கும் என்று முதலில் பார்த்தார். அது தெரியாத இரவுகளில் சுடாமல் வீட்டுக்குத் திரும்பினார்.