வெளியே சொல்லாதே!

இப்படி ஒரு விஷயத்தைக் குடும்பப் பத்திரிகையில் எழுதலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். குழந்தைகளும் எடுத்துப் புரட்டுகிற பத்திரிகை ஆயிற்றே, தொடர்கதைக்கும் சமையல் குறிப்புக்கும் நடுவில் இது எதற்கு என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. எழுதுவதா வேண்டாமா என்று வெகு நாள் யோசித்தேன். குழந்தைகளைப் பற்றித்தானே எழுதப் போகிறோம் என்று கடைசியில் பேனாவை எடுத்துவிட்டேன்.

நான் திருவொற்றியூர்வாசி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதும் உத்தியோகம். மாலையில் சூலூர்பேட்டையிலிருந்து வரும் மின்சார ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறி வீடு திரும்புவேன். அந்தப் பெட்டி ஒரு தனி உலகம், சகோதரிகளே! ஒருத்தி கீரை ஆய்வாள், ஒருத்தி பூத்தொடுப்பாள், மாமியார் புராணம் பாட ஒருத்தி, கேட்டு 'உச்' கொட்ட நாலு பேர். எனக்கு அங்கே பாதிப் பேரின் பெயர்கூடத் தெரியாது. ஆனால் யார் வீட்டில் என்ன கடன் என்பது அத்துபடி.

2025 ஜூலையில் அந்தப் பெட்டியில் வேறு பேச்சே கிடையாது. 12-ஆம் தேதி சனிக்கிழமை, ஆரம்பாக்கத்தில் பள்ளிக்கூடம் விட்டுப் பாட்டி வீட்டுக்கு நடந்து போன சின்னப் பெண் ஒருத்தியை ஒருவன் பின்தொடர்ந்து தூக்கிக்கொண்டு போனான். நடந்த கொடுமையை நீங்கள் அறிவீர்கள். அவன் பின்னால் வருவது காமிராவில் பதிவாகி, அந்தப் படம் எல்லார் கைபேசியிலும் ஓடிக்கொண்டிருந்தது. 25-ஆம் தேதிதான் சூலூர்பேட்டையில் ஆள் பிடிபட்டான். நான் சொல்வது அதற்கு முந்திய நாட்களை. ஊர் கொந்தளித்தது. வட நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவன் யாரைக் கண்டாலும் பெண்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்கள். ஒருவன் செய்ததற்கு ஆயிரம் பேரைச் சந்தேகிப்பது நியாயமா என்று கேட்கிற தைரியம் அப்போது எனக்கு இருக்கவில்லை.

“அவனை நடுத்தெருவிலே நிக்க வெச்சுச் சுடணும்” என்றாள் எதிர் ஸீட்டு அம்மாள்.

“சுட்டா ஒரே நிமிஷத்திலே போயிடுவான். அணு அணுவா சாகணும்” என்றாள் கீரைக்காரி.

எல்லாரும் ஆமோதித்தோம். அப்போது வாசல் ஓரம் நின்றிருந்த ஒரு பெண், முப்பது வயதுக்குள் இருக்கும், கழுத்தில் ஏதோ தொழிற்சாலையின் அடையாள அட்டை, மெல்லிய குரலில் கேட்டாள்:

“ஏன்க்கா, வெளியாளா இல்லாம, வீட்டிலேயே இருக்கிறவனா இருந்தா என்ன பண்றது?”

பெட்டி கம்மென்று ஆகிவிட்டது. ஒரு நிமிஷம் சக்கரச் சத்தம்தான் கேட்டது. பிறகு எதிர் ஸீட்டு அம்மாள், “தக்காளி என்ன விலை விக்குது பாத்தீங்களா?” என்றாள். உடனே எல்லாரும் தக்காளிக்குத் தாவினோம். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அந்தப் பெண் மீஞ்சூரில் இறங்கிப் போனாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் பண்டிகைக்குப் பண்டிகை எங்கள் வீட்டுக்கு வருவார். வரும்போது பால்கோவா வாங்கி வருவார். ஒரு தீபாவளிக்கு முதல் நாள் மொட்டை மாடியில் அவர் செய்தது என்னவென்று அந்த வயதில் எனக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அது தப்பு என்று மட்டும் தெரிந்தது. கீழே ஓடி வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்தாள். என் தோளைப் பிடித்து, “வெளியே சொல்லாதே. அப்பாவுக்குத் தெரிஞ்சா வீட்டிலே கொலை விழும்” என்றாள். பிறகு மறுபடியும் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. அன்றிலிருந்து அவர் வந்தால் அம்மா என்னை ஒரு கணம்கூடத் தனியே விட்டதில்லை. ஆனால் 'இனி வராதீர்கள்' என்று அவரிடம் யாரும் சொல்லவும் இல்லை. அவர் வந்துகொண்டேதான் இருந்தார். கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். காபியைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான்.

அதற்கடுத்த கோடை விடுமுறைக்கு அத்தை மகள் எங்கள் வீட்டில் வந்து தங்கினாள். அவளுக்கு எட்டு வயது. என்னைக் காவல் காத்த அம்மாவுக்கு அவளையும் காக்க வேண்டும் என்று தோன்றாமல் போயிற்று. எனக்கும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. வெளியே சொல்லக் கூடாதே! முப்பது வருஷம் கழித்து அம்மாவின் காரியத்துக்கு வந்தபோது, பாத்திரம் தேய்த்துக்கொண்டே பழைய பேச்சு வந்தது. அவர் பெயர் வந்ததும் என் முகம் மாறியிருக்க வேண்டும். அத்தை மகள் கையில் இருந்த சாம்பாரைப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, “உனக்குமா?” என்றாள்.

ரயிலில் அந்தப் பெண் கேட்டதும் என் காதில் விழுந்தது அந்த 'உனக்குமா'தான்.

இதெல்லாம் எங்கோ ஒரு வீட்டில் நடப்பது என்று நினைத்தீர்களானால், ஒரு கணக்கைச் சொல்கிறேன். கணக்குப்பிள்ளை அல்லவா நான்! 2007-ல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளைச் சந்தித்து விசாரித்தது. நூற்றுக்கு 53 குழந்தைகள் ஏதாவது ஒரு வகையில் இந்தத் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள்! பெரும்பாலோர் அதை யாரிடமும் சொல்லவே இல்லை. போலீஸுக்கு வருகிற பலாத்கார வழக்குகளிலும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல், செய்தவன் குழந்தைக்குத் தெரிந்தவன் என்றுதான் அரசாங்கக் குற்றப் புள்ளிவிவரம் வருஷா வருஷம் சொல்கிறது. நடுத்தெருவில் சுட வேண்டும் என்று நாம் சொல்கிற அந்நியன் மிச்சம் இருக்கிற சிலரில் ஒருவன்தான்.

மறுநாள் அந்தப் பெண்ணைத் தேடினேன். காணோம். நாலாம் நாள் கவரைப்பேட்டையில் ஏறினாள். பக்கத்தில் இடம் பண்ணி உட்கார வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. என் மொட்டை மாடிக் கதையைத்தான் சொன்னேன். அத்தை மகளைத் தவிர வேறு யாரிடமும் நான் சொல்லாதது.

பொன்னேரி தாண்டுவதற்குள் அவள் சொல்லிவிட்டாள். ஏழு வயதுப் பெண் குழந்தை. இவளுக்கு மாற்றி மாற்றி ஷிப்ட். புருஷனின் தம்பி வீட்டோடு இருக்கிறான். குழந்தை மூன்று மாதமாக, “அம்மா, நைட் ஷிப்டுக்குப் போகாதே” என்று காலைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறது. பிடிவாதம் என்று நினைத்து இரண்டு அடி கொடுத்திருக்கிறாள். அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மாமியாரிடம் சொன்னதற்கு, “கல்யாணத்துக்கு நிக்கிற பையன், பேரைக் கெடுக்காதே” என்றாளாம். புருஷன், “குழந்தை ஏதோ உளறுது” என்று படுத்துக்கொண்டானாம்.

“போலீஸுக்குப் போனா குழந்தையை ஸ்டேஷன்லே உட்கார வெச்சு அசிங்கமா கேப்பாங்களேக்கா.”

இந்தப் பயத்தை வீண் பயம் என்று எப்படிச் சொல்வது? 2024-ல் சென்னை அண்ணா நகரில் பத்து வயதுக் குழந்தைக்காகப் புகார் கொடுக்கப் போன பெற்றோர், மகளிர் காவல் நிலையத்தில் தங்களையே அடித்ததாகக் குற்றம் சாட்டினார்கள். வழக்கு சென்னை ஐகோர்ட்டுக்குப் போய், சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கப்பட்டு, 2025 ஜனவரியில் அந்தப் பெண் இன்ஸ்பெக்டரே கைதானார். அந்தத் தாய் தகப்பனாருக்கு எத்தனை நெஞ்சுரம் இருந்திருக்க வேண்டும்!

ஆனாலும் சட்டம் எழுதி வைத்திருப்பது வேறு. அந்த நாலு நாளில் நான் அதைப் படித்திருந்தேன். 2012 நவம்பர் 14-ல், குழந்தைகள் தினத்தன்று அமலுக்கு வந்த போக்சோ சட்டம். குழந்தையை ஸ்டேஷனுக்கு இழுக்கக் கூடாது. அதன் வீட்டிலேயோ அது விரும்புகிற இடத்திலேயோதான் கேட்க வேண்டும். கூடியமட்டும் பெண் அதிகாரி, அதுவும் சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாதவர், யூனிபாரம் இல்லாமல் வர வேண்டும். பெண் குழந்தையைப் பெண் டாக்டர்தான் பார்க்கலாம். கோர்ட்டில் அவன் முகத்தைக் குழந்தை பார்க்க வேண்டியதில்லை. பெயர், விலாசம், பள்ளிக்கூடம் எதுவும் பத்திரிகையில் வரக் கூடாது. இதையெல்லாம் அவளிடம் ஒப்பித்தேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். விஷயம் தெரிந்த எவரும் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் இருப்பதும் தண்டனைக்குரிய குற்றம் என்று அதே சட்டம் சொல்கிறது. அப்படியானால் எங்கள் வீட்டுக் கூடத்தில் காபி குடித்த அத்தனை பேரையும் என்ன செய்வது?

அவளால் போன் செய்ய முடியவில்லை, கை நடுங்கியது. 1098-ஐ நான்தான் அழுத்தினேன். எடுத்தவர் பெண். இருவரையும் விட அவர் நிதானமாக இருந்தார். அத்திப்பட்டில் வண்டி சற்று நேரம் நின்றது நல்லதாயிற்று. மீஞ்சூரில் இறங்க வேண்டியவள் இறங்காமலே வந்துவிட்டாள்.

பிறகு சில வாரம் அவளைக் காணவில்லை. நான் என்னென்னவோ கற்பனை செய்துகொண்டேன். ஒரு நாள் குழந்தையோடு ஏறினாள். புடவை கட்டிய இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்தார்களாம். குழந்தை முதலில் தன் டிராயிங் நோட்டைக் காட்டிற்றாம், அப்புறம்தான் பேசிற்றாம். கொழுந்தன் ஜெயிலில். இவள் தாய் வீட்டில். வழக்குத் திருவள்ளூரில், மீஞ்சூரிலிருந்து நேர் ரயில் கிடையாது, பேசின் பிரிட்ஜ் வரை வந்து வண்டி மாற வேண்டும். ஒரு நாள் சம்பளம் போய்விடும்.

“மாமியார் என்கூடப் பேசறதில்லேக்கா. புருஷனும் முழுசா இந்தப் பக்கம் வரலை” என்றாள்.

எதிர் ஸீட்டில் தக்காளி அம்மாள் இருந்தாள். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஒன்றும் சொல்லவில்லை. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்தாள். “ஜன்னல் பக்கம் வா கண்ணு” என்று குழந்தையைக் கூப்பிட்டாள். குழந்தை உடனே போகவில்லை. தாயார் முகத்தைப் பார்த்தது. அவள் தலையசைத்த பிறகுதான் போய் உட்கார்ந்தது.