அம்மா கண்டித்த பாட்டு

அமெரிக்க ராப் பாடகர் நாஸின் 'இல்மேட்டிக்' ஆல்பத்தை முதல் தடவை கேட்டபோது பாதி வார்த்தைகள் எனக்குப் பிடிபடவில்லை. அவ்வளவு வேகம், அவ்வளவு தெருப்பேச்சு. மூன்றாவது பாட்டு முடியும் இடத்தில் அந்தப் பேச்செல்லாம் ஓய்ந்து, ஒரு கார்னெட் மெல்ல எழுந்து வந்தது. கொஞ்சம் களைத்த, அவசரமில்லாத ஊதல். வாசித்தவர் ஓலு டாரா. ஜாஸ் கலைஞர், நாஸின் அப்பா. அம்மாவைப் பிரிந்து எப்போதோ போய்விட்டவர், மகனின் முதல் ஆல்பத்துக்கு வந்து வாசித்துக் கொடுத்திருக்கிறார். இது தெரிந்த பிறகு அந்தப் பாட்டை என்னால் பழையபடி கேட்க முடியவில்லை.

நியூயார்க்கின் குயின்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பில் வளர்ந்தவர் நாஸ். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், வரிசையாகச் செங்கல் கட்டடங்கள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. 1992-ல் உயிர் நண்பன் சுட்டுக் கொல்லப்பட்டான். அதே இரவில் நாஸின் தம்பிக்கும் குண்டு பாய்ந்தது. இரண்டு வருஷம் கழித்து, 1994 ஏப்ரலில் 'இல்மேட்டிக்' வந்தபோது அவருக்கு வயது 20. இரண்டாவது பாட்டின் தொடக்கத்தில், எப்படி ஆரம்பிப்பதென்று புரியாமல் அவர் முணுமுணுப்பதுகூடப் பதிவாகியிருக்கிறது. அடுத்த நொடியே பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல் கொட்டித் தீர்க்கிறார். மொத்தம் நாற்பது நிமிஷ ஆல்பம். 'தி சோர்ஸ்' என்ற ஹிப்-ஹாப் பத்திரிகை மதிப்பெண்ணாக ஐந்துக்கு ஐந்து 'மைக்' கொடுத்தது.

அப்படி ஓர் ஆரம்பம் அமைந்துவிட்டால், பிறகு எது செய்தாலும் அதோடுதான் ஒப்பிடுவார்கள். அடுத்த ஆல்பம் நன்றாகவே விற்றது. 1999-ல் ஒரே வருஷத்தில் இரண்டு ஆல்பங்கள் வந்தன. இரண்டாவது அவசரக் கோலம் என்பதுதான் என் எண்ணமும்.

அந்தப் பலவீனத்தைத்தான் இன்னொரு ராப் பாடகரான ஜே-ஸீ பிடித்துக்கொண்டார். புரூக்ளினின் மார்சி குடியிருப்பிலிருந்து வந்தவர். ஒரு காலத்தில் நாஸின் குரலையே வெட்டி எடுத்துத் தன் பாட்டில் ஒட்டியவர். 2001 செப்டம்பரில் வந்த அவருடைய 'டேக்ஓவர்', ஒரே ஒரு நல்ல ஆல்பத்தை வைத்துக்கொண்டு நாஸ் காலம் தள்ளுகிறார் என்று குத்திக் காட்டியது. டிசம்பரில் நாஸ் 'ஈத்தர்' என்று பதிலடி கொடுத்தார். பாட்டின் கட்டமைப்பில் ஜே-ஸீக்குத்தான் என் மார்க். ஆனால் வெகுநாள் அடக்கிவைத்த கோபம் வெடிக்கும்போது அதில் ஒரு வெப்பம் இருக்குமே, அது 'ஈத்தரில்' இருக்கிறது. அதிலுள்ள சில வசவுகளை இன்று கேட்கக் கூசுகிறது; அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

ஜே-ஸீ விடவில்லை. எதிராளியைத் திட்டும் அடுத்த 'டிஸ்' பாட்டில் நாஸின் குழந்தையையும் குழந்தையின் தாயையும் இழுத்துப் பேசினார். அப்போதுதான் ஜே-ஸீயின் அம்மா குளோரியா கார்ட்டர் குறுக்கே வந்தார். இது வரம்பு மீறல், மன்னிப்புக் கேள் என்று மகனைக் கண்டித்தார். லட்சக்கணக்கில் ஆல்பம் விற்ற அந்த மனிதர் வானொலியில் மன்னிப்புக் கேட்டார். பாட்டுச் சண்டையில் ஜெயித்தது யார் என்று ரசிகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். எனக்கு அந்த அம்மா ஜெயித்ததாகத்தான் தோன்றுகிறது. அந்த நாட்களில் நாஸின் அம்மாவும் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். 2002-ல் அவர் இறந்துபோனார். அவரை நினைத்து மகன் அந்த வருஷமே பாடிய 'டான்ஸ்' பாட்டிலும் அப்பாவின் ஊதல் கேட்கிறது.

2005 அக்டோபரில் நியூஜெர்சியில் ஜே-ஸீயின் கச்சேரி. போர் அறிவிக்கிறேன் என்று அதற்குப் பெயர் வைத்துக் கூட்டத்தைக் கூட்டியிருந்தார். யாரைக் கிழிக்கப் போகிறாரோ என்று அரங்கம் காத்திருக்க, மேடைக்கு நாஸை அழைத்தார். இருவரும் சேர்ந்து பாடினார்கள். சில மாதங்களில், ஜே-ஸீ தலைவராக இருந்த டெஃப் ஜாம் நிறுவனத்திலேயே நாஸ் ஒப்பந்தம் போட்டார்.

இதே ராப் உலகம் டூபாக், பிகி என்ற இரு பாடகர்களின் பகையையும் பார்த்தது. டூபாக் 1996-லும் பிகி 1997-லும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒருவருக்கு வயது 25, மற்றவருக்கு 24. பகையை முடித்துக்கொண்ட நாஸுக்கோ முதல் கிராமி விருது கிடைத்தது 2021-ல், 47 வயதில்.