மூன்று எங்கேயும் போகவில்லை

கிள்ளான்,
வெள்ளிக்கிழமை இரவு

அன்பு யாழினிக்கு,

அழுதுகொண்டே போனை வைத்துவிட்டாய். உங்கப்பா மறுபடி கூப்பிட்டு, "ஒரு மார்க்குக்கா அக்கா இவ்வளவு அழுகை?" என்றான். மார்க்குக்காக நீ அழவில்லை என்று எனக்குத் தெரியும். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷமும் கணக்கில் முன்னால் நின்ற பிள்ளை. படிவம் ஒன்றின் முதல் பாடமே மலாயில் காலை வாரிவிட்டதே என்ற வலி அது. நேரில் சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

சோதனையில் 3 ஒரு நொம்போர் நிஸ்பாவா, அதாவது விகிதமுறு எண்ணா என்று கேட்டதற்கு இல்லை என்று எழுதியிருக்கிறாய். "அது பின்னம் இல்லையே அத்தை" என்கிறாய். அந்தச் சொல்லையே உற்றுப் பாரம்மா. நிஸ்பா என்றால் விகிதம். இரண்டு முழுக்களின் விகிதமாக எழுத முடிகிறதா, பகுதியில் சுழி வராமல்? அவ்வளவுதான் கேள்வி. 3/1 என்று எழுது. 6/2 என்றாலும் அதே மூன்றுதான்.

நான் இருப்பது கிள்ளானில். அதனாலேயே சிலாங்கூரிலும் இருக்கிறேன், மலேசியாவிலும் இருக்கிறேன். 1, 2, 3 என்ற இயல் எண்களும் அப்படித்தான் முழுக்களுக்குள்ளும் விகிதமுறு எண்களுக்குள்ளும் இருக்கின்றன. நீ இருக்கும் பிரிக்பீல்ட்ஸோ கூட்டரசுப் பிரதேசம். மலேசியாதான், ஆனால் சிலாங்கூர் இல்லை. அரையும் காலும் அந்த மாதிரி: விகிதமுறு எண்கள்தான், முழுக்கள் அல்ல.

முழுக்களில் வரும் குறை எண்ணைக் கண்டு ஏன் பயப்படுகிறாய்? தோட்டத்தில் உன் கொள்ளுப்பாட்டிக்கு அது நன்றாகத் தெரியும். கடைக்காரரின் பற்றுப் புத்தகத்தில் பத்து வெள்ளி, கையில் ஏழு வெள்ளி. கொடுத்துவிட்டு வந்தால் மிச்சம் மூன்று வெள்ளிக் கடன். 628-இல் பிரம்மகுப்தரும் கடன் என்ற பெயரில்தான் குறை எண்களுக்கு விதி எழுதினார்.

அதே பாட்டிக்குப் பின்னமும் வாய்ப்பாடாகவே தெரியும். அரை, கால், அரைக்கால், மாகாணி, காணி, முந்திரி என்று சொல்லிக்கொண்டே அரிசி அளப்பார். மாகாணி பதினாறில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி 320-இல் ஒன்று. அதற்கும் கீழே கீழ்முந்திரி, முந்திரியிலும் 320-இல் ஒரு பங்கு. இவ்வளவு நுணுக்கமாக வெட்டிய இந்தப் பின்னங்களில் மூன்றில் ஒன்று சரியாக அகப்படாது. 320-ஐப் பகாக் காரணிகளாகப் பிரித்துப் பார், இரண்டும் ஐந்தும்தான் வரும், மூன்று வராது. எத்தனை முந்திரியைக் கூட்டினாலும் மூன்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோதான் நிற்கும். ஆனால் நமக்கு 1, 3 என்ற இரண்டு இயல் எண்கள் போதும். ஒன்றை மேலே, மற்றதைக் கீழே வைத்தால் ஆயிற்று. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

அப்படியானால் எல்லா நீளத்தையும் இந்த ஜோடிகளே அளந்துவிடுமா என்று கேட்பாய், நீ கேட்காமல் இருக்கமாட்டாய். போன தீபாவளிக்கு இங்கே நீ கோலம் போட்டாயே, அந்த வாசல் ஓடு, ஓரடிச் சதுரம். மூலைக்கு மூலை உள்ள நீளத்தின் வர்க்கம் 2. அந்த நீளம் ஒரு பின்னம் என்றே வைத்துக்கொள். இனிமேல் சுருக்க முடியாத அளவுக்குச் சுருக்கியாகிவிட்டது. தொகுதியின் வர்க்கம், பகுதியின் வர்க்கத்தைப் போல் இரு மடங்கு. எனவே தொகுதி இரட்டை எண். இரட்டை எண்ணின் வர்க்கம் நான்கால் வகுபடும். அதில் பாதிதான் பகுதியின் வர்க்கம், ஆகவே அதுவும் இரட்டை, பகுதியும் இரட்டை. இரண்டுமே இரட்டை என்றால் இன்னும் சுருக்கலாமே! சுருக்கியாகிவிட்டது என்றல்லவா தொடங்கினோம்? அதனால் அந்த நீளம் எந்த ஜோடிக்கும் அடங்காது. விகிதமுறா எண் என்று சொல்வது அதைத்தான். விகிதமுறுவும் விகிதமுறாவும் சேர்ந்தவை மெய் எண்கள். நம் 3 அங்கேயும் இருக்கிறது.

இந்த நிரூபணத்தை என் தாளைப் பார்க்காமல் நீயாக ஒருமுறை எழுதிப் பார். மலாயிலும் எழுது, சொல் தெரியாத இடத்தில் கோடு போட்டு விடு. ராத்திரி கண் விழிக்காதே, சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, அதற்குத்தான் எனக்குக் கோபம் வரும்.

அடுத்த சனிக்கிழமை அப்பாவோடு கொமுட்டர் ஏறி வந்துவிடு. அந்தச் சோதனைத் தாளையும் எடுத்து வா, கிழித்துப் போட்டுவிடாதே. வாசல் ஓட்டை அளக்க நாடா எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அத்தை